இரண்டரை அங்குலம்

வண்டிக் கதவில் ஜப்பானிய எழுத்து.
எந்த ஊர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.
அந்த ஊரின் தீயெல்லாம் பார்த்துவிட்டு
மிச்ச ஆயுளோடு கப்பலேறி
மோல்மேனுக்கு வந்தது.
என் கோட்டின் கழுத்துப்பட்டியிலும் ஒரு பெயர்,
கறுப்பு நூலில் யாரோ தைத்தது.
துவைக்கும்போது
பிரஷ் அந்த இடத்தில் மட்டும் மெதுவாகும்.

பதிவேட்டில் நான் மா தின் தின் ஏ.
வீட்டில் அஞ்சலை.
பகலில் ரப்பர் கிட்டங்கியில் கணக்கு.
துணைத் தீயணைப்புப் படையில் ஒன்பதாவது வருஷம்,
சம்பளம் கிடையாது.
ஞாயிறுதோறும் ஹோஸ்களை உலர்த்துவோம்.
ஈரமாய்ச் சுருட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்,
பூஞ்சை பிடித்த ஹோஸ்
நல்ல நாளெல்லாம் பொறுத்திருந்து
கெட்ட நாளில் வெடிக்கும்.
மரியலூயிஸ் இதைத் தன் மாமனாரைப் பற்றிச்
சொல்வதுபோலச் சொல்வான்.

பங்குனியில் வீடு வீடாய்ச் சோதனை.
வாசலில் மணல் மூட்டை இருக்க வேண்டும்,
மூங்கில் நுனியில் இரும்புக் கொக்கி,
தீயை அடிக்க ஒரு தட்டி.
கொக்கியில் கைலி காயும்.
தட்டி
முருங்கைக்காய் பறிக்கப் போயிருக்கும்.
அபராதச் சீட்டு என் கையெழுத்தில் போகும்.
போன வருஷம் ஒன்று என் அண்ணனுக்கே எழுதினேன்.
இந்தப் பொங்கலுக்கு அவன் கூப்பிடவில்லை.

திங்ஜான் இரண்டாம் நாள் மதியம்.
ஊர் தன் தலையில் தானே
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம்
டயர் கடைக்குப் பின்னால்
ஓலைக் கூரையில் புகை.

சைரன் போட்டோம்.
அத்தனை பாட்டில் அதுவும் ஒரு பாட்டாய்ப் போனது.
தெருவுக்குத் தெரு பந்தல், பந்தல் நிறையக் குழாய்,
சிவப்பு வண்டியைக் கண்டதும் கூடுதல் குஷி.
கண்ணாடியில் ஒரு வாளி,
ஹெல்மெட்டில் ஒரு வாளி,
ஓடுபலகையில் நின்ற காதரின் வாய்க்குள் ஐஸ் தண்ணீர்.
ஒரு சிறுமி வெள்ளிக் கிண்ணத்தில் நாவல் தழை நனைத்து
மரியாதையாய் என் தோளில் தெளித்தாள்.
நல்லாயிருங்க, என்றாள்.
நானூறு கெஜம்,
பதினொரு நிமிஷம்.
நாங்கள் இறங்கியபோது தீயைத் தவிர
எல்லாமே நனைந்திருந்தது.

ஸயா சோ மியின் கூரையைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்.
இது போயிற்று, அடுத்ததைப் பிடி, என்றார்.
எனக்குப் படிய மூன்று வருஷம் பிடித்த வாக்கியம்:
எரிகிற வீட்டுக்காரி கையைப் பிடித்திழுக்க
எரியாத வீட்டை நனைக்க வேண்டும்.
இழுத்தாள்.
தமிழில்தான் திட்டினாள்.
நான் என் பர்மியப் பெயருக்குள்ளேயே நின்றேன்.

டாங்கியில் மூன்று டன், ஆறு நிமிஷம் வரும்.
ஐந்தாவதில் பம்ப் இருமியது.

மூலைப் பந்தலுக்கு ஓடினேன்.
சல்வீனிலிருந்து நேராக இழுக்கும் மோட்டார்
அவர்களிடம் இருந்தது.
பாட்டை நிறுத்து என்றேன்.
ஸ்பீக்கர் மேல் ஆடிக்கொண்டிருந்த பையன்
என் கோட்டில் இன்னொரு தடவை பீச்சினான்.
அப்புறம்தான் முகத்தைப் பார்த்தான்.

அவர்கள் குழாய் இரண்டு அங்குலம்.
எங்கள் ஹோஸ் இரண்டரை.
அரை அங்குலத்தில் நின்றது ஒரு தெரு முழுக்க.

காதர் டயர் கடையில் புகுந்து
சைக்கிள் டியூப் ஒன்றைக் கத்தரித்து
பல்லால் இழுத்து இழுத்துச் சுற்றினான்.
மேலே கம்பி முறுக்கினான்.
அந்தப் பையன் மண்டியிட்டு
இணைப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்,
நாற்பது நிமிஷம்.
பீறிட்டதெல்லாம் அவன் கண்ணில்.
திருவிழா முழுக்க அவன் ஊற்றியதை
ஊர் திருப்பித் தந்ததுபோல் இருந்தது.

ஒரு வீடு போனது.
அடுத்த வீட்டுக்குச் சுவர் மட்டும் கருகல்.
அவள் சாம்பலில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.
அக்கா, என்று கூப்பிட வாயெடுத்தேன்.
ஹெல்மெட்டைக் கழற்றினேன். அதோடு சரி.

இரவு பதிவேட்டில் எழுதினேன்.
இணைப்பு: சைக்கிள் டியூப். தற்காலிகம்.
தேவை: இரண்டரைக்கு இரண்டு மாற்றி, ஒன்று.
மேலே போன வருஷப் பக்கத்திலும் அதே வரி,
அதே கையெழுத்து.

பிறகு ஹோஸை உலர்த்த
ஐந்து பேரும் இடம் தேடினோம்.
கொடிமரம், மதில், பள்ளிக்கூட வேலி,
தொட்ட இடமெல்லாம் சொட்டியது.
இன்னும் இரண்டு நாள் திருவிழா இருக்கிறது.